ஒன்பதாவது இயந்திரம்

எங்கள் செயற்குழுக் கூட்டங்களுக்குப் பீசாங் கோரேங், அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வருவது என் பொறுப்பு. பழம் கனிந்திருக்க வேண்டும், மேல்மாவு மெலிதாக இருக்க வேண்டும், தலைவர் கூட்டத்தைத் தொடங்கும்போது பொட்டலம் சூடாக இருக்க வேண்டும். ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே வண்டி போடும் ஒருவரிடம் மட்டுமே வாங்குவேன். மோகனராஜ் எப்படிப்பட்ட ஆள் என்று குழுவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நல்ல மனுஷன், பலகாரம் பார்த்து வாங்குவார்.

சென்ற மாதம் நீங்கள் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினீர்கள், அதிரா. உங்கள் கணவர் தனேஷ் எங்கள் டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தார். அந்த நேரத்தில் ஒருவர் புது இயந்திரம் ஒன்றைத் தர வந்தார். அதை ஏன் வேண்டாம் என்றோம் என்று கேட்டிருந்தீர்கள். மூன்றே வரி. அதற்கு ஜெயலெட்சுமி டீச்சர் ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினார். அவர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவின் செயலாளர். வேண்டாம் என்பதை அவரளவு அழகாக எழுதக்கூடியவர் பினாங்கில் இல்லை. அந்தக் கடிதத்தில் 'கொள்கை' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில் ஓரிடத்திலும் இல்லை. அது அவர் குற்றமல்ல. பதில் அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது.

கூட்டக் குறிப்புகள் கையில் இல்லாமல் நினைவிலிருந்து எழுதுகிறேன். தேதிகள் ஒன்றிரண்டு பிசகலாம். நடந்த வரிசை பிசகாது.

என் மனைவி குமுதாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது நானும் அதே பட்டியலில்தான் பெயர் கொடுத்தேன். சூலியா தெருவுக்குப் பின்னால் அந்தப் பழைய கடைவீட்டில் எட்டு இயந்திரங்கள். ஓர் இயந்திரத்தில் ஆறு நோயாளிகள், ஆளுக்கு வாரம் மூன்று முறை. குமுதா பதினோராவது ஆள். இடம் கிடைக்கும் வரை தனியாரிடம் போனோம். மூன்று முறை போக வேண்டியவளை என் ஓய்வூதியத்தில் இரண்டு முறைதான் கூட்டிப் போக முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாலு நம்பர் குலுக்கல் கம்பெனி மையத்துக்கு நான்கு இயந்திரங்கள் தர முன்வந்தது. நான்கு என்றால் இருபத்து நான்கு பேருக்கு இடம். குழு இரண்டு மணி நேரம் பேசி வேண்டாம் என்று முடிவு செய்தது. தலைவர் திருநாவுக்கரசு முன்னாள் வழக்கறிஞர். அவர் பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, "சூதாட்டக் காசில் ஏழையின் இரத்தத்தைச் சுத்தம் செய்ய மாட்டோம்" என்றார். படத்தோடு வெளிவந்தது. படத்தில் குழுவினர் நான்கு பேரும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்களைப் போல் நின்றார்கள். அதை வெட்டி மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் முறை நகர்ந்ததா என்று விசாரிக்கப் போன ஒரு செவ்வாய்க்கிழமை அதன் முன்னால் நின்று முழுவதும் படித்தேன். குமுதா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கால் வீங்கி வார் சதையில் பதிந்திருந்தது.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள்.

"நல்ல விஷயந்தான்" என்றேன்.

அடுத்த பதினெட்டாவது நாள் இறந்தாள்.

ஒரே குடியிருப்புக்காரர் என்ற முறையில் தலைவர் சாவுக்கு வந்தார். பெரிய மாலை. போகும்போது என் தோளில் கை வைத்து, "தனியா உக்காந்து என்ன செய்யப் போறீங்க மோகன்? நம்ம குழுவுல வந்து சேந்துக்குங்க. நாலு பேருக்கு நல்லது செஞ்சா மனசு ஆறும்லா" என்றார். குமுதாவின் பெயர் அவருடைய பட்டியலிலேயே இருந்தது அவருக்குத் தெரியாது. குழு பட்டியலைப் பெயராகப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையாகத்தான் பார்க்கும். இன்றுவரை அவருக்குத் தெரியாது. நான் மறைத்தேன் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்தில் என்னிடம் விதிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் மனசாட்சி விதி என்று ஒன்று இருந்தது. நாலு நம்பர் கம்பெனியைத் திருப்பி அனுப்பிய அதே கூட்டத்தில் எழுதியது. ஒரு நன்கொடை பற்றி உறுப்பினர் ஒருவருக்கு மனசாட்சி உறுத்தினாலும் அதை ஏற்கக் கூடாது; உறுத்தலுக்குக் காரணம் கேட்கக் கூடாது. குழுவில் ஒருவர் வட்டிக் காசு தொடமாட்டார், ஒருவர் மதுக் காசு, ஒருவர் இறைச்சிக் காசு. சண்டை வராமலிருக்க இந்த ஏற்பாடு. நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதுதான் எனக்கு விளக்கினார். "ஒருத்தர் நம்பிக்கைய இன்னொருத்தர் நோண்டப்படாது இல்லண்ணே? அப்படி இருந்துதான் நாம இங்க ஒத்துமையா வாழறோம்." ஹமீது கண்ணியமான மனிதர். நால்வருமே கண்ணியமானவர்கள். என் வேலை சுலபமானதற்கு அதுதான் காரணம்.

நான் முப்பத்தொரு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். பூதக்கண்ணாடி, விளக்கு, இரண்டு தட்டு. தேறியது ஒரு தட்டில், ரிஜெக்ட் ஒரு தட்டில். தேறிய தட்டை எனக்குப் பின்னால் மூன்று பேர் மறுபடி பார்ப்பார்கள். ரிஜெக்ட் தட்டை யாரும் பார்க்கமாட்டார்கள். நல்ல சாமானைத் தூக்கி அதில் போட்டால் அது போனதுதான். போட்டவனுக்குக் கறாரானவன் என்று பெயரும் கிடைக்கும்.

முதல் தடவை எனக்கு உண்மையிலேயே உறுத்தியது. வீடு கட்டி விற்கும் ஒருவர். குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்ட கதையை நான் அறிவேன். "எனக்கு உறுத்துது" என்றேன். அவ்வளவுதான். டீச்சர் பேனாவை எடுத்தார். கூட்டம் முடிந்ததும் ஹமீது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்த பொறகு குழுவுக்கே ஒரு தரம் வந்துருச்சுண்ணே" என்றார். கையில் இருப்பது என்ன கருவி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு கையுறைத் தொழிற்சாலைக்காரர் வந்தார், அடகுக் கடைக்காரர் வந்தார், அரசியல்வாதியின் மைத்துனர் நடத்தும் அறக்கட்டளை வந்தது. எல்லாம் ரிஜெக்ட் தட்டுக்குப் போயின. ஒரு கட்டத்துக்கு மேல் நான் பேச வேண்டியதே இல்லை, அவர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. டீச்சர் ஒரு பிஸ்கட் கம்பெனியை மறுத்தார், சீனி அதிகமாம். தலைவர் சொந்த அண்ணன் மகனின் நன்கொடையை மறுத்துவிட்டு, மறுத்ததைத் தானே பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொன்னார். கல்லூரி ஒன்றில் அவரைக் கூப்பிட்டு நேர்மை பற்றிப் பேசச் சொன்னார்கள். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். மறுப்பதற்கு அது தேவையில்லை. நல்லவன் என்ற பெயரை இத்தனை மலிவாக விற்கும் கடை வேறெங்கும் இல்லை என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னை நன்கொடை ஆய்வுத் துணைக்குழுவின் தலைவராக்கினார்கள். அந்தத் துணைக்குழுவில் வேறு ஆள் கிடையாது.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று காத்திருப்போர் பட்டியலையும் என்னிடமே கொடுத்தார்கள். பென்சிலில் எழுதினேன், அழிக்க வசதி. இயந்திரம் கிடைக்காமலே இறந்தவர்களை மூன்று வருடத்தில் அழித்துக்கொண்டே வந்தேன். ஓர் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, வெயிட்டிங் லிஸ்ட் கொறையுது. நல்ல முன்னேற்றம்" என்றார். டீச்சர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

நான் ஏன் செய்தேன் என்பதைச் சிக்கலில்லாமல் சொல்லிவிடலாம். அந்த நால்வரில் ஒருவர், ஒரே ஒரு தடவை, "என்ன மோகன் இது, ஆளுங்க காத்துக் கெடக்கிறாங்க, ஒங்க மனசாட்சிய மடிச்சுப் பையில வைங்க" என்று சொல்வாரா என்று பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் மறுப்பை அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர் அந்த அறையில் இருந்தார் என்றால், குமுதாவின் விஷயத்திலும் யாராவது கேட்டிருக்கலாம் என்று ஆகும். அதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினேன். அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் போகப் போக அற்பமான உறுத்தல்களாகத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு சல்மா வந்தார்.

சல்மாவின் கணவர் ஜாஹிர் எங்கள் மூன்றாம் எண் இயந்திரத்தில் ஆறு வருடம் சிகிச்சை எடுத்தவர். அவர் இறந்தபின் அவர்களுடைய நாசி கண்டார் சோற்றுக் கடையைச் சல்மாவே நடத்தினார். குழுவின் முன்னால் வந்து நின்று, "எங்க வீட்டுக்காரரு ஆறு வருஷம் இங்க உசுர் வாங்குனாரு. ஒரு மிஷின் வாங்கித் தர்றேன். பேர் எல்லாம் ஒட்ட வேணாம்" என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை சுத்தமான நன்கொடையை நான் அந்த மேசையில் பார்த்ததில்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓர் இயந்திரம், ஆறு இடம். பட்டியல் என்னிடம்தான் இருந்தது. இரண்டாவது பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியும். தனேஷை ஒவ்வொரு செவ்வாயும் பார்ப்பேன். சிம்பாங் அம்பாட்டில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. எங்கள் தீவுக்கு அக்கரையில் பட்டியல் இன்னும் நீளம் என்பதால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து எங்களிடம் விசாரித்துவிட்டுப் போவார். "என்ன அங்கிள், நம்ம நம்பர் இன்னும் அடிக்கலியா? நாலு நம்பர் எடுத்திருந்தாக்கூட இந்நேரம் விழுந்திருக்கும்லா" என்பார். நானும் சிரிப்பேன். அவரும் தனியாரிடம் வாரம் இரண்டு முறைதான் போய்க்கொண்டிருந்தார். அவர் கணுக்காலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அந்த வீக்கத்தை நான் ஒரு வருடம் பக்கத்திலிருந்து படித்தவன்.

சல்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தலைவர் வழக்கம்போல் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கு உறுத்துது" என்றேன்.

ஹமீது வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி... விதி விதிதான்" என்றார். தலைவர், "அடுத்த விஷயம்" என்றார்.

வெளியே போய்ச் சொன்னதும் ஹமீதுதான். கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது.

"எங்க காசுல என்னண்ணே அழுக்கு? இருவது வருஷம் அடுப்பு முன்னால நின்ன காசு."

"அழுக்குன்னு யாரும்மா சொன்னா? ஒருத்தருக்கு மனசு ஒப்பல."

"யாருக்கு? கூப்பிடுங்க. என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

"பேரு சொல்லப்படாதும்மா."

சல்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஈப்போவில் ஒரு மையத்துக்கு வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி. எங்களிடம் பொருத்தியிருந்தால் இரண்டே வாரத்தில் தனேஷ் அதில் படுத்திருப்பார். நான் மறுத்த ஐந்தாவது வாரம், வார இறுதியில் சிகிச்சை இல்லாத இடைவெளி முடிந்த திங்கட்கிழமை, வேலையிடத்தில் விழுந்தார். செவ்வாய்க்கிழமை பெயரை அழித்தேன். குழு எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. மௌனத்தில் அவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. உங்கள் கணவரை நான் கொன்றேன். தெரிந்து, பட்டியலைப் பார்த்து, பெயரைப் படித்துவிட்டுச் செய்தேன். அவரையும் சேர்த்துப் பதினேழு பேர். அந்த நால்வர் குமுதாவைக் கொன்றபோது அவள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. நான் பதினேழு பெயரையும் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். எனக்கும் அவர்களுக்கும் இடையே அந்த அளவுக்காவது வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுப்பதென்றாலும் கொடுங்கள். எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று அவர்கள் திணறுவார்கள்.

நான் சொன்னதில் ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். மூன்று வருடத்தில் ஒருவர் கேட்டிருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

நீங்கள் வந்ததைச் சொல்வீர்கள். வந்தீர்கள், மறுக்கவில்லை. சல்மா வந்து போன அடுத்த வியாழன். முடிவு மாறுமா என்று சல்மா அப்போது காத்துக்கொண்டுதான் இருந்தார். நர்ஸ் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார். தனேஷின் இரத்தப் பரிசோதனைத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே பேசினீர்கள். "யாருக்கோ உறுத்துதுன்னு மிஷின வேணாம்னுட்டாங்களாமே அங்கிள். அவங்க கிட்ட கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். இங்க ஆளுங்க காத்துக் கெடக்கிறாங்கல்ல." ஏறக்குறைய நான் எதிர்பார்த்திருந்த அதே வார்த்தைகள். "குழுகிட்ட சொல்றேம்மா" என்று தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன். பேருந்து நிறுத்தம் வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் நீங்கள் குழு உறுப்பினர் இல்லை, அதிரா. விதிப்படி அது கேட்டதாக ஆகாது.