பக்கத்துக்கு ஒருவர்

காலையில் பால்தேநீர் குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். அதனால் ஒலிபரப்புக்கு முன்பு வெறும் சுடுதண்ணீர்தான். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது.

செய்திகளில் பக்கச்சார்பு பற்றி ஆய்வு செய்வதாகச் சொன்னீர்கள். இஸ்ரேல், பலஸ்தீனச் செய்திகளை ரொறன்ரோவின் தமிழ் வானொலிகள் எப்படிச் சொல்லின என்று கேட்டீர்கள். என் பெயரைப் போடமாட்டீர்கள் என்றும் சொன்னீர்கள். எங்கள் வானொலியில் இருந்த நிலாணி ஒருபக்கம் மட்டும்தான் வாசித்தாளா என்பது உங்கள் முதல் கேள்வி. இல்லை. அவள் ஒவ்வொரு வாரமும் இரண்டு பக்கமும் வாசித்தாள். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

எங்கள் வானொலியில் காலை நிகழ்ச்சி என் பொறுப்பு. அதில் முக்கியமானது மரண அறிவித்தல். "யாழ்ப்பாணம் கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று நான் தொடங்கினால் நகரின் கிழக்கே மில்லிக்கனிலிருந்து ரூஜ் வரை கார்களில் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். மருமக்கள், சகலன், சம்பந்தி என்று உறவுமுறை ஒன்றும் பிசகாமல் அடுக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் இரண்டாகிவிடும். நான் விட்டதில்லை. கடைகளில் என் முகம் தெரியாதவர்கள்கூடக் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

நிலாணி பகுதிநேரமாக வந்த பெண். பகலில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. மாலையில் எங்களுக்குச் செய்திகளைத் தமிழாக்கித் தருவாள். காசாப் போர் தொடங்கிச் சில மாதங்களின் பின் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், உந்தச் செய்தியளைப் பாருங்கோ. ஒரு சனலிலை இந்தப் பக்கத்துச் செத்தவைக்குப் பேர், படம், என்ன படிச்சவை எல்லாம் இருக்கு. மற்றப் பக்கத்துக்கு எண்ணிக்கை மட்டும். வேறை சனலுக்குப் போனால் அப்பிடியே தலைகீழ். வன்னிப் போரிலை எங்கடை சனத்தையும் எண்ணிக்கையாத்தானே சொன்னவங்கள்?"

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது பிள்ளை?"

"எங்கடை மரண அறிவித்தல் மாதிரி வாசிப்பம். பக்கத்துக்கு ஒராள். வெள்ளிக்கிழமையிலை மட்டும்."

நல்ல யோசனை என்று சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒருபோதும் எதிர்க்கவில்லை.

அவள் இறந்தவர்களின் உறவினர்களைத் தேடிப் பிடித்து, அனுமதி கேட்டு, உறவுமுறைகளை விசாரித்து எழுதினாள். முதல் வெள்ளிக்கிழமை வந்தது. "காசா நகரைப் பிறப்பிடமாகவும், ரஃபாவில் ஒரு கூடாரத்தை வதிவிடமாகவும் கொண்ட செல்வி ஹனீன்" என்று தொடங்கினாள். அதை முடித்துவிட்டு, அதே நிதானத்தில், இஸ்ரேலின் தெற்கே ஒரு விவசாயக் குடியிருப்பில் கொல்லப்பட்ட ஒரு தச்சரை வாசித்தாள். அன்று எங்கள் தொலைபேசி ஓயவில்லை. டோர்செட் பார்க்கிலிருந்து ஒருவர் அழைத்து, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

என் மனைவி யோகமலர் அன்று குசினியில் நின்று அழுதிருக்கிறாள்.

"உந்தப் பிள்ளை வாசிக்கேக்கை எங்கடை வீட்டுச் சனம் செத்த மாதிரிக் கிடக்கு."

"நான் வாசிக்கேக்கை?"

"நீங்கள் வாசிச்சால் எட்டரை ஆச்சுது எண்டு விளங்கும். அடுப்பை நிப்பாட்டுவன்."

நானும் சிரித்தேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயதுப் பெண்ணோடு எனக்கென்ன போட்டி?

அவள் வியாழன் மாலையே இரண்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்துவிட்டுப் போவாள். வெள்ளி காலை ஒலிபரப்புவது நான். ஒருநாள் விளம்பரம் நீண்டுவிட்டது. ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. காசாவை ஒலிபரப்பினேன், மற்றதை நிறுத்தினேன். அது தற்செயல். மறுநாளே நான்கைந்து பேர் அழைத்தார்கள். "என்ன, பிள்ளை பக்கம் சாயுது?" என்றார்கள். அவள் குரலைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் நேரம் இருந்தது. ஆனாலும் ஒன்றைத்தான் ஒலிபரப்பினேன். ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு மாற்றி, காசாவை நிறுத்திவிட்டு இஸ்ரேலை மட்டும் ஒலிபரப்பினேன். முன்பு பாராட்டியவர்கள் இப்போது ஏசினார்கள். அந்த விடயத்தில் நான் பக்கச்சார்பு காட்டவில்லை. அவள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவுமில்லை. ஒலித்ததெல்லாம் உண்மை.

வெள்ளி காலை அவள் பல் வைத்தியரிடம் நிற்பாள், வானொலி கேட்க முடியாது. மாலையில் அழைப்பாள்.

"அங்கிள், ரெண்டும் போச்சுதோ?"

"ஓம் பிள்ளை, ரெண்டும் போச்சுது."

"பிறகேன் சனம் இப்பிடி ஏசுது?"

"கேக்கிறவைக்குத் தங்கடை காதுதானே."

அதை அவள் நம்பினாள். இந்தப் போரைப் பற்றி எதைச் சொன்னாலும் இரு பக்கமும் ஏசும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு எந்தச் செய்தியிலும் நான் ஒரு மாதம்கூடப் பிடிபடாமல் இருந்திருக்க முடியாது.

இடையில் வேரோனிக்கா வந்தாள். முதியோரை வீடுகளில் பராமரிக்கும் வேலை செய்பவள், எங்கள் நேயர். அவள் பார்த்துக்கொண்ட ஸெலிக் என்ற யூதக் கிழவரின் பேத்தி தாலியா ஒக்டோபர் ஏழாம் திகதி கொல்லப்பட்டவள். தாலியாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டது கிழவர்தான். "இங்கிலிசிலை அவளின்ரை சாவை வைச்சு எல்லாரும் சண்டை பிடிக்கினமாம். தமிழிலை சும்மா செத்துப்போனாள் எண்டு மட்டும் சொல்லட்டாம்" என்று வேரோனிக்கா நிலாணியிடம் சொன்னாள். கிழவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பேத்தியின் பெயர் வந்தால் தெரியும், போதும் என்றாராம்.

நிலாணி அதை மிக நன்றாக வாசித்திருந்தாள். நான் இருமுறை கேட்டேன். அதனால்தான் அதை ஒலிபரப்பவில்லை; அந்த வெள்ளி காசாவை மட்டும் ஒலிபரப்பினேன்.

வேரோனிக்கா அழைத்தாள். "அண்ணை, மனுசன் கோட்டுப் போட்டு வெளிக்கிட்டு ரேடியோவுக்கு முன்னாலை இருந்தவர். நிகழ்ச்சி முடிஞ்சும் எழும்பேல்லை. என்ன நடந்தது?"

"அந்தப் பிள்ளைக்கு வாசிக்க விருப்பமில்லையாம்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. அமைதியாக வந்துவிட்டது.

கிழவரின் மகள் வானொலிக்கு முறைப்பாடு எழுதினாள். எங்கள் முதலாளி நவரட்ணம் நிலாணியையும் என்னையும் அழைத்தார். நிலாணி அழவில்லை. "தாலியாவை வாசிச்சு வைச்சிட்டுத்தான் போனனான். அங்கிளைக் கேளுங்கோ" என்றாள். என்னைப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சாட்சி ஒருவர் இருக்கிறாரே என்ற நிம்மதி.

"எனக்குக் கிடைச்சது காசாப் பதிவு மட்டும்தான்" என்றேன். மற்றதை முதல்நாளே அழித்திருந்தேன்.

நிலாணி கதிரையிலிருந்து எழுந்தாள். "அங்கிள், நீங்களே?" என்று மட்டும் கேட்டாள். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனவெறி பிடித்தவள் என்று சமூக வலைத்தளங்களில் அவள் படத்தைப் போட்டார்கள். பல் வைத்தியரும் பிறகு வரவேண்டாம் என்றாராம். ஸெலிக் தை மாதம் காலமானார். பேத்தியின் பெயரைத் தமிழில் கேட்கவில்லை.

நிகழ்ச்சி நிற்கவில்லை. அது நல்ல நிகழ்ச்சி. இப்போது நான் வாசிக்கிறேன். ஒருவாரம்கூடத் தவறாமல் பக்கத்துக்கு ஒருவர். பக்கச்சார்பு என்று யாரும் குறை சொன்னதில்லை. உண்மையில், யாரும் அழைப்பதேயில்லை. அது குரலின் பிழையல்ல, ஆட்களைத் தெரிவுசெய்வதில்தான் இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. வயதானவர்களின் மரணம் மனதில் நிற்பதில்லை.

இந்த வாரத்துக்கு ஒரு பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கிடைத்திருக்கிறது. மறுபக்கத்திலும் அதே வயதில் ஒன்று இருந்தால்தான் நடுநிலையாக இருக்கும். இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு நாளிருக்கிறது.