அரை டிகிரி

டீ ஆறுகிறது, குடியுங்கள் சார். நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஆறு அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. எதுவும் தனியாக முழுச் சரி இல்லை. ஆறையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நிதானமாக ஓடுவதற்கு அதிக மதிப்பும் அலைபாய்வதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சராசரி எடுப்போம். அதுதான் ஊருக்கெல்லாம் நேரம். ஒற்றைக் கடிகாரம் மட்டும் இருந்தால், பிசகினாலும் அதற்கே தெரியாது.

அந்த அறையின் வெப்பம் அரை டிகிரி மாறினாலும் எனக்குப் பொறுக்காது. போன மாதம் கதவின் உள்கைப்பிடி கழன்றுவிட்டது. சரிசெய்ய ஆள் வந்தால் நாளெல்லாம் கதவு திறந்து கிடக்கும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று திறந்துவிடுவது என்று ஏற்பாடு. அந்த இன்னொருவர் தம்பி. கூடப் பிறந்தவன் இல்லை, கூட வேலை பார்த்தவன்.

வீட்டில் எனக்குப் பேச நாதியில்லை. கீழ்வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே போனைக் காதில் வைத்துக்கொள்வார். தம்பிக்கோ வாய் ஓயாது. "கடிகாரத்தோட குடும்பம் நடத்துறீங்களே அண்ணே, அதுவாவது உங்கள ஏசுமா?" என்பான். எட்டு வருஷம் அவன் பேச்சில்தான் எனக்குப் பொழுது போனது.

வெள்ளிக்கிழமை காலை, "மாற்றல் வந்துருச்சுண்ணே. திங்கக்கிழமை அங்க சேரணும்," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது. பிறகு கேபிள் பார்க்க உள்ளே போனான். மூச்சிரைப்புக்கு அவன் உறிஞ்சும் மருந்து, என் மேசைமேல் கிடந்த அவன் பையில் இருந்தது.

பதினொன்று இருபதுக்குத் தட்டினான். "அண்ணே, மூச்சு முட்டுது. கதவத் தொறங்கண்ணே."

ஒப்பீடு ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால் அன்றைய கணக்கு கெட்டுவிடும், அது அவனுக்கும் தெரியும். பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் தட்டுவது நின்றது. பன்னிரண்டுக்கு ஒப்பீடு முடிந்ததும் திறந்தேன். பதிவை எடுத்துப் பாருங்கள், வெப்பம் அரை டிகிரிகூட நகரவில்லை.

திறந்திருந்தால் பிழைத்திருப்பான். திங்கட்கிழமை போயும் இருப்பான்.

ஆம்புலன்ஸை ஏன் ஏழு மணிக்குக் கூப்பிட்டேன் என்று கேட்கிறீர்கள். மற்ற நாளில் ஐந்தடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவான். அன்று அவனுக்கு அவசரமே இல்லை. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.