ஊதுகுழாயைத் துடைத்தவள்

நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருந்தது, மேடம். எங்கள் பிரிவில் டீ எப்போதும் ஆறித்தான் வரும். பேசச் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னீர்களே, அதற்கும் நன்றி. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாள் என்றால் பிரச்சினை இல்லை.

என்னுடையது சின்ன வேலைதான். வேதியியல் படித்துவிட்டு, போக்குவரத்துக் காவல் பிரிவில் கருவிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். வண்டி ஓட்டுபவர்களை நிறுத்தி ஒரு கருவியில் ஊதச் சொல்வார்களே, அந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை சோதனை வேனில் போய், ஒவ்வொருவருக்கும் புது ஊதுகுழாய் மாட்டித் தர வேண்டும். கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒருவர் ஊதியதும் அது குப்பைக்குப் போய்விடும்.

முதல் எட்டு மாதம் அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. ‘மெஷின் பொண்ணு’ என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நான்தான் வாயைத் திறப்பதில்லை.

வேனில் நாங்கள் நான்கு பேர். இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அடுத்தவர் சார்ஜென்ட். மொத்தப் பிரிவும் அவரைச் ‘சித்தப்பா’ என்றுதான் கூப்பிடும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். பெண் கான்ஸ்டபிள் ஒருவர், அவர் எனக்கு அக்கா. நான்காவது ஆள் நான்.

எங்கள் வேனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. நகரத்தில் மொத்தம் ஆறு வேன்கள். மாதாமாதம் அதிகக் குடிகாரர்களைப் பிடிக்கும் வேனுக்குக் கேடயம். எங்களுக்கு ஒதுக்கியதோ காலை நேரம். காலை ஏழு மணிக்கு யார் குடிப்பார்கள்? ஊதினால் புதினா வாசனைதான் வரும். மற்ற வேன்காரர்கள் எங்களுக்கு ‘பற்பசைப் படை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சித்தப்பா மேலுக்குச் சிரிப்பார், ஆனால் அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார்.

முதல் முறை நடந்தது தற்செயல். ஊதுகுழாய் டப்பாவில் எறும்பு புகுந்திருந்தது. சில உறைகள் கிழிந்திருந்தன. எனக்குச் சுத்தம் முக்கியம், அதனால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் குழாயின் வாயைத் துடைத்து மாட்டினேன். டை கட்டிய ஓர் இளைஞர் ஊதினார். சட்டம் அனுமதிப்பதைப் போல இரண்டு மடங்கு காட்டியது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்பிரிட்டும் சாராயமும் கருவிக்கு ஒன்றுதான். குழாய் காயவில்லை. அவர் தன் மூச்சோடு என் பஞ்சின் ஈரத்தையும் ஊதியிருக்கிறார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தப்பா வேனின் பக்கவாட்டைத் தட்டினார்.

“பாத்தியா? ஆள் வர்ற தினுசப் பாத்தே சொன்னேன்ல.”

“சார், சத்தியமா இல்ல சார். இன்டர்வியூக்குப் போயிட்டிருக்கேன் சார்.”

“அதான் தைரியத்துக்குப் போட்டிருக்கே. ஏறு தம்பி, ஏறு.”

அக்கா என் தோளில் கை போட்டார். “நம்ம பொண்ணு கைராசிக்காரி. மதியம் எங்களோட உக்காந்து சாப்பிடும்மா, அந்த ஜெராக்ஸுக்குத் துணை போனது போதும்.”

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம். குழாயில் ஸ்பிரிட் இருக்கிறது, இன்னொரு முறை ஊதச் சொல்லுங்கள். அதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வேன் கிளம்பிவிட்டது. அன்று மதியம் அக்கா தன் ஆம்லெட்டில் பாதியை என் தட்டில் வைத்தார். அது நல்ல ஆம்லெட்.

மறுநாள் மனசு கேட்காமல் சித்தப்பாவிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசி வரை கேட்டார். பிறகு, “ஏம்மா, அந்த ஸ்பிரிட்டு எவ்வளவு நேரத்துல காயும்?” என்றார்.

மேடம், அந்த எட்டு மாதத்தில் வேதியியலைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் வேலை முடிந்தபின் நாங்கள் மூவரும் கருவி அறையில் உட்கார்ந்து ஊதிப் பார்த்தோம். சித்தப்பா ஊதும்போது அக்கா அவர் தொப்பையைக் குத்துவார். பாதி அளவுகள் சிரிப்பில் வீணாகிவிட்டன. மீதியிலிருந்து எனக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. துடைத்துவிட்டு ஏழு எண்ணி ஊதக் கொடுத்தால் இரண்டு மடங்கு காட்டும். கால் மணி நேரம் கழித்து இரண்டாம் முறை ஊதவைக்க வேண்டும், இரண்டு அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்பது சட்டம். அடுத்த குழாயை எடுக்கும் நேரத்தில் பஞ்சு சற்று உலர்ந்திருக்கும். ஆகையால் அதற்கு ஐந்து எண்ண வேண்டும். பதினொன்றைத் தாண்டினால் ஒன்றும் வராது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. பதினான்காம் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தீர்களா? அதை அடித்தல் திருத்தம் இல்லாமல் போட்டிருக்கிறேன்.

யாரை என்று நான் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சித்தப்பா என் பக்கம் திரும்பி, “டியூப் சுத்தமா இருக்காம்மா?” என்பார். கேட்டால் துடைப்பேன். கேட்காவிட்டால் உறையைப் பிரித்து அப்படியே கொடுப்பேன். எதிர்த்துப் பேசியவர்கள், கைபேசியில் படம் பிடித்தவர்கள் வந்தால் கேட்பார். ஓர் அம்மா அவருடைய தொப்பையைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அவருக்கும் கேட்டார். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் வருகிறவர் எல்லோருக்கும் கேட்பார். எல்லோர் கண்முன்னாலும்தான் துடைத்தேன். சுத்தமாக இருப்பவளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

துடைக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் கேடயம் எங்களுக்கு வந்தது. கேக் வெட்டினார்கள். அதன்மேல் ‘டாக்டர்’ என்று எழுதியிருந்தது. யாருக்கோ வந்த கேக்கைத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்காம். இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முதல் துண்டை எனக்கு ஊட்டினார்.

இனி அந்தப் பள்ளி பஸ் டிரைவர். நீங்கள் அவரைப் பற்றித்தான் அதிகம் கேட்டீர்கள்.

ஒருநாள் சித்தப்பா ஒரு பள்ளி வாசலில் வேனைப் பின்னால் எடுத்தார். கண் கைபேசியில் இருந்தது. சைக்கிளில் வந்த ஒரு மாணவிக்கு இரண்டு இடத்தில் கால் முறிந்தது. அந்தப் பெண் தவறான பக்கத்தில் வந்தாள் என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தார். எதிரே நின்ற பள்ளி பஸ்ஸின் உயரமான இருக்கையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒரே வெளியாள் அந்த டிரைவர். பார்த்ததைப் பார்த்தபடி விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை நேரில் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் சித்தப்பாவுக்கு வேலை போய்விடும். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவள் என்னைப் போலவே கூச்ச சுபாவம்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். டிரைவர் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு வந்தார். அன்று இன்ஸ்பெக்டரே வேனிலிருந்து இறங்கினார். முதல்முறையாக அவரே கேட்டார். “டியூப் சுத்தமா இருக்கா?”

டிரைவர் சிரித்த முகமாகத்தான் வந்தார். “நல்லா செக் பண்ணிக்குங்க சார். இந்த வாய்க்குள்ள டீயத் தவிர எதுவும் போனதில்ல. எங்கப்பா குடிச்ச குடியே ஏழு தலைமுறைக்குத் தாங்கும்.”

துடைத்தேன். ஏழு எண்ணினேன். பலூன் ஊதும் பிள்ளையைப் போல அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். எண்ணைப் பார்த்ததும் அவர்தான் முதலில் சிரித்தார்.

“என்ன சார், மெஷினுக்குக் காய்ச்சலா?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மற்றவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அம்மா, நீ படிச்ச பொண்ணு. இதுல ஏதோ கோளாறு இருக்கும்மா. வேற குழாய் குடும்மா.”

கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்குள் மூன்று முறை வாயைக் கொப்பளித்தார். கால் மணி நேரம் ஆனதும் புது உறையை அவர் முன்னாலேயே கிழித்தேன். துடைத்தேன். ஐந்து எண்ணினேன். குழாயைக் கையில் வாங்கும்போது “தேங்க்ஸ்மா” என்றார். இரண்டாம் அளவு முதல் அளவோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போனது. அந்த நோட்டிலேயே மிக நெருக்கமான ஜோடி அதுதான்.

“வேற ஏதாவது டெஸ்ட் இருக்காம்மா?”

இருக்கிறது. ரத்தப் பரிசோதனை கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்பவருக்குச் செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, தெரியாதவருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு, “மெஷின் பொய் சொல்லாதுண்ணே” என்றேன்.

இப்போதும் அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கருவி ஸ்பிரிட் இருக்கிறது என்றது. ஸ்பிரிட் இருந்தது.

திங்கட்கிழமை விசாரணையில், காலை எட்டே முக்காலுக்கே போதையில் இருப்பவரின் கண்ணை நம்பலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள். சித்தப்பா அன்று எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பத்தொன்பது வருடம் ஓட்டிய பஸ்ஸின் சாவியைப் பள்ளிக்கூடம் டிரைவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. லைசென்ஸ் திரும்ப வேண்டுமானால் குடியை நிறுத்துகிறவர்களுக்கான ஆறு வார வகுப்பில் அவர் தேற வேண்டும்.

அந்த வகுப்புக்கு வாரம் ஒருமுறை பாடம் எடுக்க எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் போக வேண்டும். என்னை அனுப்பினார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் ஓடினால் எனக்குப் பேச வரும். ‘உடலுக்குள் மதுவின் பயணம்’ என்று முப்பது படங்கள் தயார் செய்தேன். மடக்கு நாற்காலிகளில் பதினைந்து பேர். டிரைவர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவராக எழுந்து, தான் குடிகாரன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரமும் டிரைவர் எழுந்து, “நான் குடிச்சதே இல்லைங்க” என்றார். அறையே சிரித்தது. ஒரு பெயின்டர், “அண்ணே, நானும் இப்படித்தாண்ணே ஆரம்பிச்சேன்” என்றார். ஆலோசகர் நல்ல மனிதர். மறுப்பதுதான் முதல் அறிகுறி என்று பொறுமையாக விளக்கினார். ஒப்புக்கொள்ளாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது.

மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

“ஒரு சந்தேகம்மா. குடிச்சது குடிச்சவனுக்கே ஞாபகம் இல்லாமப் போகுமா?”

போகும், அதற்கு ஆய்வுகள் இருக்கின்றன என்றேன். அது உண்மை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தினமும் வாசலிலேயே அவரை நிறுத்திவிடுகிறாளாம். “மூஞ்சிக்கு நேரா ஊதச் சொல்லும்மா. ஊதுவேன். ‘இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா, உள்ள வா’னு சொல்லும். அதுக்கப்புறம்தான் செருப்பக் கழட்டுவேன்.”

அப்போதும் என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இந்த முறை இன்னும் சின்னது. நீங்கள் குடிக்கவில்லை. இரண்டே சொல். ஆனால் ஐந்து மணிக்குள் புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வயரைச் சுற்றவே நேரம் சரியாக இருந்தது.

ஆறாம் வாரம் அவர் தானாகவே எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

“நான் ஒரு குடிகாரன்ங்க. எனக்கே தெரியாமக் குடிச்சிருக்கேன். எங்கப்பா ரத்தம், எங்க போகும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பெயின்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் தட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வகுப்பு எடுத்து அதற்குப் பலன் கிடைப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் எப்படி மாட்டிக்கொண்டோம் என்பது உங்களுக்கே தெரியும். என் அக்காவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு, குழந்தை பிறந்தது. பதினைந்து நாள் லீவு போட்டேன். எனக்குப் பதிலாக வந்தவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அந்தப் பதினைந்து நாளும் காலை வேனில் ஒரு குடிகாரர்கூடச் சிக்கவில்லை. அக்கா குழந்தையைப் பார்க்க நான் ஊருக்குப் போனதும் நகரமே திருந்திவிட்டது என்று மேலதிகாரிகள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. சித்தப்பா என்மேல் கோபமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். லீவு போடும் முன் அவரிடம் யோசனை கேட்டிருக்கலாம்.

நோட்டில் இருப்பவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். ஒருவர்கூட வரம்பு மீறிக் குடித்திருக்கவில்லை. அத்தனை பேருக்கும் குழாயைத் துடைத்தவள் நான், எண்ணியவள் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நல்ல நினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஆலோசகரிடம் போன வாரம் விசாரித்தேன். வகுப்பு முடிந்து பதினோரு மாதம் ஆகிறது, பஸ் டிரைவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லையாம். எங்கள் வேன் பிடித்தவர்களில் இவ்வளவு உறுதியாக இருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் மற்ற எல்லோருக்கும் உண்மையைச் சொல்லுங்கள், அவருக்கு மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த மனிதர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிடுவார்.