மடக்கிய முழங்காலும் மாற்றிய வழியும்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் எலும்பு மருத்துவர், பெரிய டாக்டர் அவர்களே! அவர் அருகே அமர்ந்து, இவன் என்னத்தை உளறப் போகிறானோ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் டாக்டரம்மா அவர்களே! ஊன்றுகோலோடு வந்திருக்கும் பெரியோர்களே, அவர்களைத் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! அனைவருக்கும் இந்தப் பேருந்து ஓட்டுநரின் பணிவான வணக்கம்.

பணிமனையில் எனக்கு 'ஹாரன்' என்று பெயர். வாயை மூடமாட்டேன் என்பதால் வைத்த பெயர். ஐந்தே நிமிடம் என்று சொல்லித்தான் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்போம்!

சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. வண்டி நிறைய ஆட்கள். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், உயிரைக் கொடுத்து மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய் மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்புதான். எனக்கோ ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் முன்பலகை நொறுங்கி வந்து வலது முழங்காலில் இடித்தது. முழங்காலில் விழுந்த அடி எதை உடைத்தது தெரியுமா? இடுப்பை! தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பில் அது உட்காரும் குழி ஒரு கிண்ணம். பந்து பின்னால் பாய்ந்து கிண்ணத்தை உடைத்துவிட்டது.

பந்தை அன்றே இழுத்து உள்ளே வைத்தார்கள். கிண்ணத்தை என்ன செய்வது? அது கைக்கெட்டும் இடத்திலா இருக்கிறது? சதைக்கு நடுவே, ரத்தக் குழாய்க்கு நடுவே, நரம்புக்கு நடுவே ஒளிந்து கிடக்கிறது. அதை அடைய எனக்குச் சொல்லப்பட்ட வழி இரண்டு. அடிவயிற்றோரமாக முன்பக்கத்திலிருந்து போகலாம். புட்டத்தின் வழியாகப் பின்பக்கத்திலிருந்து போகலாம். முன்வழி என்றால் பெரிய டாக்டர்தான் ராஜா. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து அவரிடம் கற்றுப் போவார்கள்.

"முன்னால நீளமா விரிசல் இருக்கு. பின்னால ஒரு துண்டுதான் பெயர்ந்திருக்கு. முன்பக்கமாவே போயிடலாம்" என்றார் அவர்.

அவருக்குக் கீழே அதே துறையில் வேலை பார்த்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சார், அந்தத் துண்டுதான் பந்தைத் தாங்குற சுவரு. முன்னால இருந்து அதைப் பார்க்கவே முடியாது."

"பின்னால நரம்பு இருக்கேம்மா!"

தோழர்களே, பாதத்தை ஆட்டுவிப்பதே அந்த நரம்புதான். கட்டைவிரல் பருமனுள்ள அந்த நரம்புக்கு ஏதாவது ஆனால் பாதம் தொங்கிப்போகும். ஓட்டுநருக்கு வலது பாதம் என்றால் என்ன? பிரேக் அது! ஆக்சிலரேட்டர் அது! அடுப்பில் வேகும் சோறு அது! கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, இடுப்பு எக்கேடோ கெடட்டும். பாதம் போயிடக்கூடாது. முன்பக்கமாவே போங்க."

என் மனைவி குறுக்கே வந்தாள். "இடுப்பு போனா சீட்ல எப்படிங்க உக்காருவீங்க? அந்தம்மா சொல்றதைக் கேளுங்களேன்."

"நீ சும்மா இரு" என்றேன். சிரிக்கிறீர்களா? முதல் வரிசையில்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனால்தான் என் பாடு தெரியும்!

அறுவை நாள் வந்தது. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. கத்தி வைப்பதற்கு முன் பெரிய டாக்டர் என் தொடையை மடக்கி, மெல்லப் பின்னோக்கி அழுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி பார்த்தார். பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது.

அவர் என்ன செய்திருக்கலாம்? கருவிகள் தயார். தேர்ந்த கை. நோயாளியே கெஞ்சிக் கேட்ட வழி. போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? யாருக்குத் தெரியப் போகிறது?

என் தலைமாட்டுக்கு வந்தார். "நான் சொன்னது தப்புப்பா. பின்சுவரைக் கட்டலைன்னா மூட்டு சீக்கிரமே தேய்ஞ்சுடும். பின்பக்கமாத்தான் போகணும். அதுல என்னைவிட இவங்களுக்குத்தான் கை பழக்கம். இவங்க பண்ணட்டும்."

"என் பாதம், ஐயா?"

"பயம் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். உன் வீட்டுக்காரம்மாகிட்டயும் கேட்கச் சொன்னேன். 'அவர் காலு, அவர்தான் சொல்லணும்'னுட்டாங்க. வேண்டாம்னா இப்பவே நிறுத்திடறேன்."

இந்த ஹாரனுக்கு அன்று ஒரே கேள்விதான் வந்தது. "நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"உன் காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"சரிங்க" என்றேன்.

கைதட்டாதீர்கள், இன்னும் கத்தியே வைக்கவில்லை!

ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அந்த அறுவையில் ஒரு முறை உண்டு. தொடை நீண்டிருக்க வேண்டும், முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். முழங்கால் நீண்டால் நரம்பு விறைத்து இழுபடும். காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அங்கே இருப்பவர்களில் கடைசி ஆளின் வேலை. அந்த வேலையைத் துறைக்கே தலைவரான பெரிய டாக்டர் செய்தார்!

"சார், கை கடுக்கும். ஆள் மாத்திக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"மாத்துற நேரத்துல கால் நீண்டுடும். நீங்க வேலையைப் பாருங்கம்மா."

துளையிடும் சத்தம் கேட்டது. நின்றது. "நரம்பு தெரியுது. யாரும் அசையாதீங்க. சார், இன்னும் கொஞ்சம் மடக்குங்க." அதற்கு அந்தப் பெரிய மனிதர் சொன்ன பதில், "சரிம்மா." நடுவே கட்டிய துணித்திரைக்கு இந்தப் பக்கம் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

முடிந்தது. மரமரப்பு இறங்கத் தொடங்கியது. இடது கால் விரல்கள் அசைந்தன. வலது அசையவில்லை. என் மனைவி பாதத்தின் மேல் குனிந்தபடியே நின்றாள். பெரிய டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. என் காலைப் பிடித்திருந்த அவருடைய கைவிரல்கள் மடங்கியது மடங்கியபடியே இறுகிப் போயிருக்க, செவிலியர் ஒருவர் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "பாதத்தைத் தூக்குப்பா" என்றார் பெரிய டாக்டர். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். அசைவில்லை. மறுபடி சொன்னார். அசைவில்லை. பொழுது சாய்ந்தது.

"ஏங்க! இப்ப அசைஞ்சுது! திரும்பப் பண்ணுங்க!" என்று அலறினாள் என் மனைவி.

கட்டைவிரல் எழுந்தது. பின்னாலேயே பாதம் எழுந்தது. பெரிய டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சான்றோர்களே! கத்தி பிடித்த கையைப் புகழ இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். தன் பெயரைவிட என் பிழைப்பு பெரிதென்று கத்தியை இன்னொருவரிடம் கொடுத்ததே, அந்தக் கையைப் புகழ வந்தவன் நான். தெரிந்த வழியில் போவது திறமை. தெரிந்த வழி தவறென்று தெரிந்ததும், எல்லோர் முன்னும் நிறுத்தத் துணிவது அறம்!

ஐயா, இன்று காலையும் நான்தான் வண்டியை ஓட்டினேன். மருத்துவமனை நிறுத்தத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, கம்பியைப் பிடித்துப் பிடித்து மெல்ல இறங்கினாள். அவள் இரண்டு காலும் தரையில் பதியும்வரை வண்டி இம்மியும் நகரவில்லை. பிரேக்கின் மேல் இருந்தது என் பாதம். அதை அங்கே வைத்தது உங்கள் கை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், 'முடியுங்கள்' என்று துண்டுச்சீட்டு அனுப்பாத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!