இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று

இன்னும் கிட்ட வாங்க கண்ணுகளா. போர்வையைக் கால்மாட்டிலும் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். இது குளிர்கிற கதை.

என் சிநேகிதி மணிமேகலையின் மருமகன் இளஞ்செழியனுக்கு நடந்தது. அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இரவு பதினொன்றரை. நிலக்கோட்டையைத் தாண்டிச் சேவுகம்பட்டிப் பக்கம் போகிற சாலை. கடைசிப் பூ வண்டியும் போய்விட்டது. சாலையோரம் தனியாக ஒரு பூக்கிடங்கு... மல்லிகை வாடாமல் இருக்க உள்ளே பெரிய குளிர் அறை. கிடங்கின் கணினியைப் பராமரிப்பது இளஞ்செழியன். விடிந்தால் பூ வந்துவிடும், அதனால் ராத்திரியில்தான் கணினியை நிறுத்த முடியும்.

கணினிக்குத் தனியாக ஏசி எதற்கு என்று முதலாளி அதைக் குளிர் அறைக்குள்ளேயே வைத்திருந்தார். கதவின் பூட்டும் அந்தக் கணினி சொன்னால்தான் திறக்கும். இளஞ்செழியனுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த ஆண்டனிராஜ் அந்த அறைக்குள்தான்... இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் திறந்தபோது பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்த வாக்கில் விறைத்துப் போயிருந்தாராம். கையில் யூகலிப்டஸ் தைலப் புட்டி. சளித் தொல்லை, பாவம். எந்நேரமும் முகர்ந்துகொண்டே இருப்பார்.

காவல்காரர் ராமர் சொல்லத்தான் செய்தார். "ஏப்பு, கதவுக்குக் கல்ல முட்டுக் குடுத்துட்டுப் போ."

"குளிரு போயிரும்ணே, மொதலாளி வைவாரு. பத்து நிமிச வேலதான்."

இளஞ்செழியன் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார்.

கர்னல் என்று ஒன்று உண்டாம். கணினி விழித்ததும் முதலில் எழுகிற புரோகிராம். எந்தப் பொருள் எது என்று அதுதான் அடையாளம் காணும். கணினியில் செருகிய ஒரு சின்ன பென்டிரைவில் இருந்தது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார். கணினி அணைந்தது... எழுந்தது. திரையில் ஒரே வரி.

'டிஸ்க் எதுவும் இல்லை.'

எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற நான்கு டிஸ்க்கும் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கின்றன! நான்கையும் ஒன்றாகக் கட்டி மேய்க்கிற ரெய்டு கார்டு பழைய காலத்தது. புதுக் கர்னலுக்கு அதைத் தெரியவில்லை. பூட்டைத் திறக்கிற புரோகிராமோ அந்த டிஸ்க்குகளுக்குள்.

கதவைத் தட்டினார். வீட்டுக்கு வந்தால் எப்படித் தட்டுவாரோ அப்படியே. டொக் டொக்... டொக். இரண்டு, அப்புறம் ஒன்று. மனைவி கீர்த்தனா அடுப்படியிலிருந்தே தெரிந்துகொள்வாள். இங்கே அரையடி கனத்துக்குச் சுவர். ராமர் டீக்குப் போயிருந்தார். செல்லில் ஒரு கோடுகூட இல்லை.

ஒரே வழிதான். அந்தக் கார்டின் அடையாள எண்ணைக் கர்னலுக்குள் எழுதி, தன் லேப்டாப்பில் அதைப் புதிதாக உருவாக்கிக் கணினியில் போட வேண்டும். எழுதினார். விரல்கள் மரத்தன. போட்டுப் பார்த்தார். 'டிஸ்க் எதுவும் இல்லை.' மறுபடி. இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் ஒன்பது சதவீதம். மூச்சு வெள்ளையாக வந்தது.

அத்தனை மல்லிகை வாசத்துக்கு நடுவே... தைல வாசம்.

"அண்ணே... நீங்களா? என்னைய வெளிய விட்ருங்கண்ணே. கைப்புள்ள இருக்கு. எங்கிட்ட என்ன வேணும்னாலும் எடுத்துக்கங்க."

கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். டக். டக். டக்... யாரோ எழுத்துகளை அழுத்துகிற சத்தம். கண்ணைத் திறந்தால் லேப்டாப் திரையில் அவர் எழுதாத ஒரு வரி. கார்டு எழுந்திருக்க அறுபது நொடி காத்திருக்கச் சொல்லும் வரி. பக்கத்திலே ஒரு குறிப்பு: 'பழைய கார்டு. செத்த நேரம் பொறு.'

அந்த வரியோடு கர்னலைக் கணினியில் போட்டுவிட்டுப் பொறுத்தார். ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... திரையில் டிஸ்க்குகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கதவு 'க்ளக்' என்றது.

இதெல்லாம் வெளியே வந்தவர் சொன்னது.

விடிகாலையில் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. டொக். ஒன்றே ஒன்று. யாரோ என்று நினைத்துத் திறந்தாள் கீர்த்தனா. அவர்தான். அவரைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது. அவர் அதைத் தூக்கவில்லை. "யூகலிப்டஸ் தைலம் இருக்கா?" என்று கேட்டார். அந்த வாசம் பட்டாலே எழுந்து போகிற மனுஷன் அவர்.

எட்டு நாள் பார்த்தாள். தினமும் ஒரு தட்டு. தினமும் தைலம். ஒன்பதாம் நாள் மத்தியானம், அவர் தூங்கும்போது, பஸ் ஏறிக் கிடங்குக்குப் போய், குளிர் அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"உள்ள ஆருமே இல்லயேம்மா," என்றார் ராமர். "இன்னைக்குப் பூ வரத்தே இல்ல."

குளிர் அறைக் கதவில் காதை வைத்தாள். இரும்பு காதைச் சுட்டது, அம்புட்டுக் குளிர். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம். அப்புறம்...

டொக் டொக்... டொக்.

கையிலிருந்த செல் அடித்தது. வீட்டிலிருந்து. அவர் குரல்.

"அந்தக் கதவத் தொறந்துராத, கீர்த்தனா."

அதற்கு மேல் மணிமேகலை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போய்ப் படுங்க கண்ணுகளா. உங்கள் வீட்டு உலை என்றைக்கும் கொதிக்கட்டும். பிள்ளைகள் சூடு குறையாமல் தூங்கட்டும். ராத்திரியில் உங்கள் கதவைத் தட்டுகிற கை, உங்கள் வீட்டு ஆளின் கையாகவே இருக்கட்டும்.