சிவப்புப் பாசிக்கு ஒரு பேட்டரிப் பெட்டி

காசு கொடுத்துப் பாசி வாங்குகிறவனை நீங்கள் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டீர்கள், தம்பி. நானும் இருபது வருஷமாகத் தொட்டிக் கண்ணாடியில் பாசி படிந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி ஊற்றியவன்தான். கப்பி, டெட்ரா, கொஞ்ச காலம் ஒரு அரோவானா, எல்லாமே நல்ல தண்ணீர் மீன்கள். அதே பாசியைப் பொத்திப் பொத்தி வளர்க்க ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்தபோது, கிள்ளானில் இந்த வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். பெட்டியைப் பிரித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, "சார், பேட்டரில ஒரு கோளாறும் இல்ல. அன்னிக்கு கரண்டு போனப்ப இதுல என்னதான் மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. என் மாமனார் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோய் இறந்தார். கரண்டு போனால் மெஷினைத் தாங்க வேண்டிய பேட்டரிப் பெட்டி வேலை செய்யவில்லை என்று என் மச்சான் குரு சிங்கப்பூரிலிருந்து உங்கள் கடைக்குப் புகார் அனுப்பியிருக்கிறான். பெட்டியை இங்கே பொருத்தியவர் முகமது யூசுப் என்று உங்கள் பெயரையும் அதில் போட்டிருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வந்து பெர்மிட்டில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இது பெரிய தலைவலி என்று எனக்குப் புரிகிறது. லோகேஸ்வரி, என் மனைவி, கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் மீன் கடை வைத்திருக்கும் பக்கிரிசாமியிடம்தான் அந்தச் சிவப்புக் கடற்பாசியை முதலில் பார்த்தேன். கசங்கிய பட்டுத் துணியைத் தண்ணீரில் விட்டது போல் அசைந்துகொண்டிருந்தது. எனக்குக் காதல் கல்யாணம் இல்லை, தம்பி. அந்த மாதிரி ஒரு தடுமாற்றம் எனக்கு வாழ்க்கையில் அன்றைக்குத்தான் வந்தது. பக்கிரிசாமி எச்சரித்தான். "அண்ணே, இது கப்பி தொட்டி இல்ல லா. அதுல பம்ப் நின்னா நாளைக்குப் பாத்துக்கலாம். இதுல தண்ணி ஓடலைன்னா எல்லாம் மூச்சு முட்டிச் செத்துரும்."

ஆழம் தெரியாமல்தான் காலை விட்டேன். தொட்டியில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் மறுபடி உப்புத் தண்ணீரையே கரைத்து ஊற்றினேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும் என்பது எனக்கு உறைப்பதற்குள் சில உயிர்கள் போய்விட்டன. பாசியைப் பற்றிய இன்னொன்றையும் பிறகுதான் கற்றேன். வெளிச்சம் இருக்கும்வரை அது தண்ணீருக்கு மூச்சைக் கொடுக்கும். விளக்கு அணைந்தால் அதுவே மூச்சை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டியை மாமாவின் அறையில் வைத்தேன். ஏர்கோன் இருக்கிற அறை அது ஒன்றுதான். இந்த ஊர் வெக்கையில் கடற்பாசி வெந்துவிடும். மாமா தம்புசாமி ரயில்வேயில் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய் மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தார். சுவரோரமாக அந்த ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். இந்த வீடும் அவர் கட்டியதுதான். நான் தின்றது அவர் வீட்டு உப்பு. உப்பிட்டவரை மறக்கிற ஜென்மம் இல்லை நான்.

தொட்டி வந்த பிறகு அவர் முகமே மாறிவிட்டது என்று லோகேஸ்வரியே சொல்லுவாள். நல்ல தண்ணீரில் வளர்ந்த ஒரு கறுப்பு மோலி மீனை, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கி அதில் விட்டிருந்தேன். அது ஓயாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்தும். "மாப்ள, இவன் நம்ம பழைய ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரியே இருக்கான். பிளாட்பாரத்துல நடக்கிறதோட சரி, ஒரு வேலையும் செய்ய மாட்டான்" என்று சிரித்துச் சிரித்து இருமுவார். அன்றிலிருந்து அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்றே பெயர். நாங்கள் மாமனார் மருமகன் மாதிரி பழகவில்லை, தம்பி.

பிறகுதான் குரு இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பினான். நீங்கள் வந்து பொருத்தினீர்கள். கரண்டு போனாலும் மெஷின் ஒரு மணி நேரம் ஓடும் என்றீர்கள். அந்தத் தைரியத்தில், அவசரத்துக்கு என்று வாடகைக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த மழைக்கே கரண்டு போனது. நான் வேலையில் இருந்தேன். பெட்டி தன் கடமையைச் செய்தது. மாமா மூச்சுவிட்டார், மைலோ குடித்தார். அரை மணியில் கரண்டு வந்தும், நின்ற பம்ப் தானாக மறுபடி ஓடவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. நான் வீட்டுக்கு வரும்போது தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்து நாறியது. சிவப்புப் பாசி கரைந்துபோயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"பாசிதானேங்க. வேற வாங்கிக்கலாம். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, அதச் சொல்லுங்க" என்றாள் லோகேஸ்வரி.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. யோசிக்கிற ஆள். அதே பெட்டியில் மெஷினை மாட்டினால் ஒரு மணி நேரம்தான் தாங்கும். பம்பை மாட்டினால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். இரண்டையும் மாட்டினால் மெஷினே எல்லாவற்றையும் தின்றுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பம்பும் நின்றுவிடும். ஒரு பொருளை எதற்குப் பயன்படுத்தினால் அதிகப் பலன் என்று நீங்களே சொல்லுங்கள். புதுப் பாசி வாங்கி வந்த அன்றைக்கு மெஷினின் பிளக்கைப் பெட்டியிலிருந்து உருவிச் சுவரில் குத்தினேன். பம்பின் பிளக்கைப் பெட்டியில் குத்தினேன். இரண்டும் கறுப்பு வயர், தொட்டி மேசைக்குப் பின்னால் கிடப்பவை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லோகேஸ்வரி வீணாகக் கவலைப்படுவாள்.

அதன் பிறகும் குரு தினமும் வீடியோவில் கூப்பிட்டு, "அப்பா, பேட்டரி ஃபுல்லா?" என்பான். மாமா பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். பொய் இல்லை, பேட்டரி ஃபுல்லாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை லோகேஸ்வரி தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். மத்தியானமே இடியும் மழையும். நான் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுப் பாசியைக் கத்தரித்துக் கல்லில் செருகிக்கொண்டிருந்தேன். புதுப் பாசி அப்போதுதான் வேர் பிடித்ததுபோல் கல்லைக் கவ்வத் தொடங்கியிருந்தது. திடீரென்று ஏர்கோன் நின்றது. மெஷின் நின்று பீப் பீப் என்று கத்தியது. பெட்டியில் ஒரு சின்னச் சத்தம், பம்ப் தொடர்ந்து ஓடியது. உங்கள் பெட்டி அற்புதமான பெட்டி, தம்பி. புகாரில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கித் தொட்டிப் பக்கம் காட்டினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கவலைப்படாதீங்க மாமா. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒண்ணும் ஆகல. பம்ப் ஓடுது" என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை. விரல் கொஞ்சம் கீழ்நோக்கி, மேசைக் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்து இறங்கியிருந்தது. உடம்பு தளர்ந்தவர்தானே, விரல் நேராக நிற்காது.

பிளக்கை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் என் கை இரண்டும் உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. ஈரக் கையால் பிளக்கைத் தொடக்கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் பாலபாடம். மாமாவே பல முறை சொல்லியிருக்கிறார். அதனால் துண்டை எடுத்து விரல் இடுக்கு இடுக்காகத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே தொட்டியைப் பார்த்தேன். மாற்றினால் பம்ப் நின்றுவிடும். வெட்டிய காம்புகள் இன்னும் ஊன்றாமல் மிதந்துகொண்டிருந்தன. கரண்டு எப்படியும் அரை மணியில் வந்துவிடும், எப்போதும் வந்திருக்கிறது. நான் துடைத்து முடிப்பதற்குள் மாமாவின் கையும் இறங்கிவிட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "இந்த மெஷின் சத்தம் தூங்க விடமாட்டேங்குது, மாப்ள" என்று எத்தனையோ நாள் புலம்பியவர். சரி, கொஞ்சம் தூங்கட்டும் என்று மிச்சக் காம்புகளை ஊன்றி முடித்தேன்.

கரண்டு வந்தது. மெஷின் மறுபடி இரைய ஆரம்பித்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

டீயை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? நான் மறைக்கவில்லையே. பிளக்கை மாற்றியது நான். அது மாறியிருக்கிறது என்று தெரிந்தும், காலடியில் இருந்த பெட்டியில் அதைத் திருப்பிக் குத்தாமல் நின்றதும் நான்தான். நீங்கள் இதைக் கடையில் சொல்லலாம், குருவிடம் சொல்லலாம், போலீசில்கூடச் சொல்லலாம். உங்கள் வேலை போகக்கூடாது. லோகேஸ்வரியிடம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். "அப்பா கடைசியா என்னங்க சொன்னாரு?" என்று அழுதாள். தொட்டியைக் காட்டினார், அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றேன். எனக்கு அப்படித்தான் பட்டது. அன்றிலிருந்து அவள்தான் மோலிக்குத் தீனி போடுகிறாள். வெள்ளிக்கிழமை தொட்டிக்கு எதிரே ஓர் அகல் விளக்குகூட ஏற்றுகிறாள். பாசிதானே என்று சொன்னவள், தம்பி.

பாருங்கள், எப்படித் தழைத்திருக்கிறது. நீங்கள் சோதிக்க வேண்டும் என்பதற்காகப் பம்பைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போவதானால் போங்கள், அதற்குப் பதில் வேறொன்றை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள். கண்ணெதிரே ஓர் உயிர் மூச்சுக்குத் தவிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற மனசு எனக்கு இல்லை.