ஆமையை முன்னால் அனுப்பியவர்

இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் லிஃப்ட் பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணனோடு முப்பது வருடம் இயந்திர அறைகளில் ஏறி இறங்கிய தோழர்களே, இத்தனை நாள் வெறும் குரலாக மட்டுமே தெரிந்து இன்று முகத்தோடு வந்து அமர்ந்திருக்கும் என் அணி நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். லிஃப்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொத்தானை அழுத்தினால் வரும் என்பதுதான். அப்படிப்பட்டவளுக்கு இந்த மேடையில் என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு உங்கள் தோழர் எங்கே போனார் தெரியுமா? எங்களோடு இருந்தார். நான்கு வருடம் இருந்தார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அது ஒரு கணினி விளையாட்டு. பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே காட்டுக்குள் போவோம், ஒரே கோட்டைக்குள் நுழைவோம், ஒரே டிராகனிடம் அடி வாங்குவோம். ஒருவர் வாள் எடுப்பார், ஒருவர் நெருப்பு வீசுவார். எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை. அண்ணன் தேர்ந்தெடுத்ததோ யாரும் சீண்டாத ஒரு வேடம். அழைப்பாளர் என்று அதற்குப் பெயர். அவரால் ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது! அவரிடம் இருந்தவை மூன்று பிராணிகள். ஆமையை அழைத்தால், அதன் ஓட்டுக்குப் பின்னால் நிற்பவர்மேல் அடி விழாது. கொக்கை அழைத்தால் காயம் ஆறும். மின்மினியை அழைத்தால் களைத்தவருக்கு வேகம் வரும். அவ்வளவுதான் அவருடைய படை.

எங்கள் அணியில் சேர வந்த அன்று நான்தான் அவரைக் கேள்வி கேட்டேன். தலைவி என்ற மிதப்பு எனக்கு.

"உங்க அடி எவ்வளவு இருக்கும்?"

"அடியெல்லாம் இல்லீங்க. நான் அடிக்கிற ஆள் இல்ல."

"அப்புறம் எதுக்குங்க சண்டைக்கு வர்றீங்க?"

"அடி வாங்குறவங்களுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

பெயர் என்ன என்று கேட்டேன். "கப்பி" என்றார். லிஃப்டின் கம்பிவடம் ஓடும் சக்கரத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று முதல் அவர் எங்களுக்குக் கப்பி அண்ணன்.

எங்கள் அணியில் ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில், தலை குனிந்துகொண்டு! மூன்று எண்ணிய பிறகு பாய வேண்டும் என்றால் இரண்டிலேயே பாய்ந்துவிடுவார். எத்தனையோ முறை திட்டியிருக்கிறோம். கப்பி அண்ணன் வந்த பிறகு ஓர் அதிசயம் நடந்தது. பேக்கரிக்காரர் பாய்கிற இடத்தில் அவருக்கு முன்பே ஆமை போய் நிற்கும். எப்படி அண்ணே என்று கேட்டேன்.

"பாயறதுக்கு முன்னாடி மூச்சை இழுப்பாரு தலைவரே. மைக்ல கேக்குமே, நீங்க கவனிச்சதில்லையா?"

நான் கவனித்ததில்லை. யார்தான் கவனித்தோம்?

இன்று காலை உங்கள் ஃபோர்மேன் ஐயா எனக்கு ஒன்று சொன்னார். ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே ஒரு அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம். மேலே மற்றவர்கள் பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருக்க, அண்ணன் மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசிக்கொண்டே இருந்தாராம். "இங்கதாம்மா இருக்கேன். எங்கயும் போகல." இதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால், நாங்கள் டிராகனிடம் சிக்கித் திணறும்போது எங்கள் காதில் விழுந்ததும் அதே வார்த்தைகள்தான், அதே நிதானத்தில்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும்.

போன வருடம் எலும்பு டிராகனின் கோட்டையை முற்றுகையிட்டோம். பதினொரு வாரம் தோற்றோம். காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆமை தாமதமாக வந்தது. இரண்டு நொடி, சில சமயம் மூன்று நொடி. அந்த மூன்று நொடிக்குள் பன்னிரண்டு பேரும் சாம்பலாகிவிடுவோம். நான் அவரை அழைத்துச் சொன்னேன், "அண்ணே, கொஞ்ச நாள் நீங்க ஓய்வெடுங்க. வேற ஆள் போட்டுக்கறேன்."

"சரிங்க தலைவரே. ரெண்டு நாள் மட்டும் கொடுங்க. வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் மருத்துவமனை செவிலியர். சிஸ்டர் என்றுதான் அழைப்போம், இன்றும் வந்திருக்கிறார். இரண்டு நாள் பாடம் முடிந்ததும் அண்ணன் ஒரு குறிப்பை அவருக்கு அனுப்பினார். எங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி. 'பேக்கரிக்காரர்: மூச்சு இழுப்பார்.' 'தையல்காரம்மா: அடிபட்டால் சொல்ல மாட்டார், நாமே கொக்கை அனுப்ப வேண்டும்.' என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'தலைவர்: கோபம் வந்தால் இடப்பக்கம் போவார். தனியாக விடக்கூடாது.' அவரை நீக்கியவள் நான். அந்த வாரத்தில் எழுதிய குறிப்பு அது!

அதை எனக்குக் காட்டிய சிஸ்டர் இன்னொன்றும் கேட்டார்.

"அக்கா, அவருக்கு ஹெட்போனை வேற ஒருத்தர் மாட்டி விடுறாங்க. ரெண்டு நாளும் எனக்குக் கேட்டுச்சு. ஏன்னு விசாரிச்சீங்களா?"

நான் விசாரித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். அண்ணன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. வலது கையில் இரண்டு விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்டன. நரம்பு நோய். எட்டு மாதமாக. அந்த இரண்டு விரல்களை வைத்துக்கொண்டுதான் பதினொரு வாரம் எங்களுக்காக ஆமையை அழைத்திருக்கிறார். நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்!

"ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா பரிதாபப்பட்டு வெச்சிருப்பீங்க. டீம் தோத்துக்கிட்டே இருக்கும். எனக்கொண்ணும் வருத்தமில்ல தங்கச்சி."

டீ டம்ளரோடு வந்த அண்ணி பட்டென்று சொன்னார், "பொய்ம்மா. ரெண்டு நாள் என்கிட்டயே மூஞ்சி கொடுத்துப் பேசல. குழந்த மாதிரி சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கோபப்பட்டார் என்பதைக் கேட்டபோதுதான், சொல்லப்போனால், எனக்கு மன்னிப்புக் கேட்கவே தைரியம் வந்தது. கேட்டேன். "விடும்மா, டீ ஆறுது" என்றார்.

டீயைக் குடித்து முடிக்கும்போது அண்ணி என்னிடம் கேட்டார், "அந்தப் பொத்தானை இவரேதான் அழுத்தணுமா? நான் அழுத்தினா ஒத்துக்காதா?"

நண்பர்களே, அதுவரை அந்த விளையாட்டை ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்க்காதவர் இவர்! அன்றே நெயில் பாலிஷ் எடுத்து கீபோர்டில் புள்ளி வைத்தார். ஆமைக்குச் சிவப்பு, கொக்குக்கு வெள்ளை, மின்மினிக்கு ரோஸ். அண்ணன் சொல்வார், அண்ணி அழுத்துவார். சிஸ்டர் தானாகவே அந்த இடத்தை விட்டுக்கொடுத்து, யாராவது வராத நாளுக்கு மாற்று ஆளாக இருந்துகொண்டார். முதல் வாரம் ஆமை என்றால் கொக்கு வந்தது. கொக்கு என்றால் ஒன்றுமே வரவில்லை. பன்னிரண்டு பேரும் செத்து விழுந்தோம். "ஐயய்யோ, மன்னிச்சுக்கோங்கப்பா!" என்று அண்ணி பதறியதைக் கேட்டு விழுந்து கிடந்தபடியே சிரித்தோம். ஆறு வாரம் பழகினார்கள். அதற்குள் அண்ணனின் குரலும் குறையத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு அந்தக் குரலுக்காகக் காத்திருப்போம்.

ஏழாவது ஞாயிறு கோட்டைக்குள் போனோம். டிராகனுக்கு உயிர் கொஞ்சம்தான் பாக்கி. எங்களில் நான்கு பேர் விழுந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பாய்ந்தேன். டிராகன் வாயைத் திறந்தது. முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் எனக்கு முன்னால் ஆமை நின்றது! அண்ணன் எதுவும் சொன்னதாக என் காதில் விழவில்லையே!

டிராகன் விழுந்தது. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு கேட்டேன், "அண்ணி, அண்ணன் சொன்னாரா?"

"இல்லம்மா. அவருக்கு அப்போ பேச்சு வரல. நீ இடப்பக்கம் திரும்பினே. அனுப்பிட்டேன்."

"அண்ணே! அண்ணே, இருக்கீங்களா?"

"சிரிக்கிறாரும்மா" என்றார் அண்ணி. "சத்தம் வரல. சிரிக்கிறாரு."

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் இருந்தார். போன செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்த நாற்காலியில், அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாக விடைபெற்றுக்கொண்டார்.

கப்பி அண்ணனுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்? சிலை வைப்போமா? அவர் சிரிப்பார். எங்கள் அணியின் சார்பாக இந்த அவையில் இரண்டு வாக்குகள் தருகிறேன். ஒன்று, ஏன் என்று கேட்காமல் இனி எங்கள் அணியில் ஒருவரையும் நீக்க மாட்டோம். இன்னொன்று, அவர் எழுதிய குறிப்பை நாங்கள் தொடர்ந்து எழுதுவோம். புதிதாக ஒருவர் வந்தால், அவர் எவ்வளவு அடிப்பார் என்று கேட்பதற்கு முன்னால், அவருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொள்வோம்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதை நான் திட்டமிடவில்லை. சற்று முன்பு, இந்த மண்டபத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே நானே தனியா ஆடலாமாம்மா? ஆனா எனக்கு அந்த ஆமை வேண்டாம். அது அவரோடது. பூனை எதுவும் கிடைக்குமா?"

கிடைக்கும் அண்ணி. பன்னிரண்டாம் நிலையில், சதுப்புக் காட்டில், ஒரு சாம்பல் நிறப் பூனை கிடைக்கும். பிடிப்பது சுலபமில்லை, கிட்டே போனால் ஓடிவிடும். வருகிற ஞாயிறு நான்கு மணிக்கு நாங்கள் எல்லோரும் அங்கே வருகிறோம். எத்தனை வாரம் ஆனாலும் சரி, பிடித்துவிடலாம்.

வணக்கம்.